கதை கேட்போர் கடமை

கதை கேளாத மாந்தர் உலகில் இல்லை. ஆயினும் ஒருவன் பொய் கூறுகின்றான் என்று நாம் கருதுங்கால், "கதை அளக்காதே" என்கின்றோம். "கதை விடாதே" என்று கடிகின்றோம். பொய்க்குக் கதையென்று பெயரிட்ட அதே வாயால், அன்றிரவே நம் குழந்தையை மடியிலிருத்தி, குரங்கும் முதலையும் உரையாடிய கதையைச் சொல்லி நல்வழி புகட்டுகின்றோம். இஃது என்ன முரண்? நிகழாத ஒன்று, நாடோறும் நிகழ்ந்துகொண்டிருக்கும் நம் வாழ்வுக்கு வழிகாட்டுவது எங்ஙனம்?

இவ்வினாவை ஆராயப் புகுந்த நாம் கல்லூரி வாயிலை மிதித்தவரல்லேம். மும்பை மாநகரின் நூற்பாலை ஒன்றில் இருபத்தைந்து ஆண்டுகள் கதிர்களின் வரிசைகளுக்கிடையே நடந்து, அறுந்த இழைகளை இணைத்துப் பிழைத்தோம். இரவு முறை முடிந்து வந்து, குடியிருப்பின் படிக்கட்டு விளக்கடியில் எழுத்துக் கூட்டிப் படித்த நூல்களே நமக்குப் பள்ளி. ஆகலின் ஆசிரியராக அன்று, மாணாக்கராகவே ஈண்டுச் சில சொல்லத் துணிந்தோம்.

பாலி மொழியிலுள்ள ஜாதகத் தொகுதியில் 547 கதைகள் உள்ளன. அவற்றின் அமைப்பை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். ஒவ்வொரு கதையும் ஐந்து உறுப்புகளால் ஆயது. முதலாவது நிகழ்காலக் கதை; பிக்குகளிடையே எழுந்த பூசலோ, ஐயமோ, வியப்போ அதில் கூறப்படும். இரண்டாவது, அதனை முன்னிட்டுப் பகவன் உரைக்கும் இறந்தகாலக் கதை. மூன்றாவது செய்யுள். நான்காவது அச்செய்யுளுக்குச் சொற்பொருள். ஐந்தாவதே நாம் கருதத்தக்கது. அதற்குச் சமோதானம் என்று பெயர். இணைப்பு என்பது பொருள். அன்று அரசனாயிருந்தவன் இன்று ஆனந்தன், அன்று வஞ்சகனாயிருந்தவன் இன்று தேவதத்தன் என்று பழங்கதையின் மாந்தரை இன்றைய மாந்தரோடு பொருத்திக் காட்டிய பின்னரே கதை முடிவுறும்.

பஞ்சை எவ்வளவு மெல்லிதாக இழுத்தாலும் முறுக்கு ஏறாதவரை அது நூலாகாது; விரல் பட்டவுடன் பிரிந்துபோம். நூற்பாலையில் நின்றோர் இதனை அறிவர். கதையும் அத்தகையதே. கேட்டவன் வாழ்வோடு சேர்ந்து முறுக்கேறாத கதை பொழுதுபோக்காய் நின்று, மறுநாள் காலையில் மறைந்துவிடும். ஜாதக ஆசிரியர் இதனை அறிந்தே இணைப்பினை ஈற்றில் வைத்தனர் எனலாம். ஆயின் அவ்விணைப்பில் நம் பெயர் இல்லை. ஆகலின் ஆறாவது உறுப்பொன்றைக் கேட்பவனே சேர்த்தாக வேண்டும். "இக்கதையில் யான் யார்?" என்னும் வினாவே அது.

கிசா கோதமியின் வரலாற்றை அறியாத பௌத்தர் இல்லை. இறந்த மகவைத் தோளில் சுமந்து மருந்து தேடி அலைந்தவளிடம், சாவு நிகழாத வீட்டிலிருந்து சிறிது கடுகு கொண்டுவரப் பணித்தார் பகவன். பிறந்தார் அனைவரும் இறப்பர் என்று அவளுக்கு உபதேசித்திருக்கலாகாதா? உபதேசித்திருந்தால் அது செவியோடு நின்றிருக்கும். அவள் வீடு வீடாய்ச் சென்றாள். ஒரு வாயிலில் தந்தை இறந்த செய்தி. மற்றொரு வாயிலில் மகள் இறந்த செய்தி. ஒவ்வொரு வீடும் தன் கதையைச் சொல்லிற்று. மாலையில் அவள் கையில் கடுகு இல்லை; ஆயினும், தன் துயர் தனக்கே உரிய துயரன்று என்னும் தெளிவு பிறந்திருந்தது. கதை செய்யும் வேலை இதுவே. அது விடையைக் கையில் கொடுப்பதில்லை; நம்மைப் பிறர் வாயிலுக்கு நடத்திச் செல்கின்றது.

இவ்வளவும் நாம் பல மேடைகளில் பேசியதே. இனிச் சொல்லப்போவது நாம் மேடையில் பேசாதது.

ஞாயிறுதோறும் மாலையில் நம் பகுதிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி வருகின்றோம். ஒரு நாள் வெஸ்ஸந்தர ஜாதகத்தைச் சொன்னோம். தொகுதியின் இறுதிக் கதை அது. சாஞ்சியின் வடக்குத் தோரண வாயிலில் செதுக்கப்பெற்றது. அஜந்தாவின் 17ஆம் குகையில் தீட்டப்பெற்றது. சிவி நாட்டு இளவரசன் வெஸ்ஸந்தரன், மழை தரும் வெள்ளை யானையைக் கேட்டவர்க்கு ஈந்தான். குடிமக்கள் சினந்தனர். மனைவி மத்தியோடும், ஜாலி, கண்ஹாஜினை என்னும் இரு மக்களோடும் காடு புகுந்தான். ஆண்டும் ஜூஜகன் என்னும் முதிய பார்ப்பனன் வந்து, தன் மனைவிக்கு ஏவலாளராக அவ்விரு குழந்தைகளையும் கேட்டான். ஈந்தான் வெஸ்ஸந்தரன். தானத்தின் கொடுமுடி இது என்று சொல்லி முடித்தோம்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அகவை பதின்மூன்று இருக்கும்.

"ஐயா, அந்தப் பிள்ளைகளைக் கேட்டார்களா?"

தான பாரமிதையின் பெருமையை விளக்கினோம். இறுதியில் பாட்டனாரான சஞ்சய மன்னர் பொருள் கொடுத்துக் குழந்தைகளை மீட்டார் என்றும் சொன்னோம். அவள் மறுத்துப் பேசவில்லை, தலையசைத்து அமர்ந்தாள். ஆயின் அவ்விரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஏன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஆலையில் பணிபுரிந்த காலத்தில் ஈகைக்குப் பேர் பெற்றவராயிருந்தோம். சம்பள நாளன்று நம்மிடம் வந்தோர் வெறுங்கையராய்த் திரும்பியதில்லை. நம் மூத்த மகன் பத்தாம் வகுப்பில் தேறினான். தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர விரும்பினான். அதற்கென ஈராண்டுகள் சேமித்த தொகை வீட்டிலிருந்தது. அவ்வமயம் உடன் பணிபுரிந்த ஒருவரின் குழந்தை கடும் நோயுற்றது. அத்தொகை முழுவதையும் எடுத்துச் சென்று கொடுத்தோம். வீட்டில் எவரிடமும் கேளேம். நம் துணைவியார் அழுதார், "வெஸ்ஸந்தரன் மக்களையே ஈந்தான், நாம் ஈந்தது பணந்தானே" என்று அவரை அடக்கினோம். ஊரார் புகழ்ந்தனர். மகன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த திங்களில் ஒரு பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தான்.

அன்பர்காள்! "இக்கதையில் யான் யார்?" என்னும் வினாவை நாம் கேளாமல் இல்லை, கேட்டோம். வெஸ்ஸந்தரன் என்று விடையும் கண்டோம். அவ்விடையில் மகிழ்ந்தமையால், நம் வீட்டிலேயே ஜாலி ஒருவன் நின்றதைக் கண்டிலேம். பதின்மூன்று வயதுச் சிறுமி கேட்ட பின்னரே கண்டோம்.

மறுநாள் நூலை எடுத்து மீண்டும் படித்தோம். பன்முறை படித்த நூல். ஆயினும் முதன்முறை படிப்பதுபோல் இருந்தது. கதையாசிரியர் ஒன்றையும் மறைத்தாரில்லை. தம்மைக் கொடுத்துவிட்டதை அறிந்த குழந்தைகள் ஓடிக் குளத்து நீரில் ஒளிகின்றன. தந்தை கரையில் நின்று, தாம் பிறவிக் கடலைக் கடக்க ஓடமாய் உதவுமாறு கூறி அழைக்கின்றார். குழந்தைகள் வருகின்றன. ஜூஜகன் கொடியால் கட்டி அடித்து இழுத்துச் செல்கின்றான். தந்தையின் உள்ளத்தில் அவனைக் கொல்லும் சினமே எழுகின்றது. அதனை அடக்கிக் கண்ணீர் உகுக்கின்றார். பின்னர்ப் பாட்டனார் அரண்மனையில், மடிக்கு வருமாறு அவர் அழைத்தபொழுது குழந்தைகள் விலகி நிற்கின்றன. முன்னர் யாம் அரச மக்கள், இப்பொழுது இப்பார்ப்பனனின் அடிமைகள் என்கின்றன. இவையெல்லாம் நூலில் உள்ளவை. கதையைச் சொல்லுங்கால் இவற்றை விரைந்து கடந்தவர் நாமே.

ஆகவே, பிள்ளைகளைக் கேட்டார்களா என்னும் வினாவுக்கு நூலிலேயே விடை உளது. கேட்டார், ஆனால் கொடுத்த பின் கேட்டார்.

இவ்வினா புதியதும் அன்று. மிலிந்த மன்னன் நாகசேனரிடம் இதனையே வினவினான். பிறர் துன்புற ஒருவர் செய்யும் தானம் நற்பயன் தருமோ என்பது அவன் ஐயம். நாகசேனர் தம் விடையைக் கூறினார். அவ்விடை நமக்கு நிறைவளிக்கின்றதா என்பது வேறு. நாம் கருதத்தக்கது யாதெனில், வினவிய மன்னனை நம்பிக்கையற்றவன் என்று எவரும் தள்ளவில்லை. வினாவையும் விடையையும் ஒரே நூலில் சேர்த்தே காத்தனர். ஐயத்தை அடக்கிக் கேட்கும் கதை பாதிக் கதையே.

இதனால் நாம் கற்றவை சில உள. முதலாவது: கதை கட்டளையன்று. சீலம் கட்டளை, கொல்லாதே என்றால் கொல்லலாகாது, அவ்வளவே. கதையோ ஓர் இக்கட்டினை நம் முன் வைத்து, நம்மை அதனுள் நிறுத்துகின்றது. அதிலுள்ளார் செய்ததையெல்லாம் செய்யப் புகுவோன், கதையைச் சீலமாகப் பிழைபட உணர்ந்தவனாவான்.

இரண்டாவது: கதையிலுள்ள ஒவ்வோர் இருக்கையிலும் அமர்ந்து பார்த்தல் வேண்டும். கொடுத்தவன் இருக்கையில் மட்டுமன்று, கொடுக்கப்பட்டவன் இருக்கையிலும். முடிவு செய்தவன் பெயரை உலகம் நினைவு கூரும். முடிவைச் சுமந்தவனைத் தேடிக் காண வேண்டியது கேட்பவன் கடமை.

மூன்றாவது: இணைப்பினைத் தன்மேல் செலுத்துக, அயலான்மேல் செலுத்தற்க. "நீ முற்பிறப்பில் செய்த வினையே உன் இன்றைய இழிவு" என்று ஏழைத் தொழிலாளியிடமும், ஊர்ப்புறத்தே ஒதுக்கப்பட்டவனிடமும் கதை சொல்லும் நாவுகள் இந்நாட்டில் பல. பழம்பிறப்பு உணர்ந்தவராகப் போற்றப்பெறும் பகவன் உரைத்த இணைப்பினை, நேற்று உண்டதையும் மறக்கும் நாம் பிறர்மேல் சுமத்த என்ன உரிமை உளது? போதிசத்துவரே சண்டாளர் குடியில் பிறந்ததாக மாதங்க ஜாதகம் கூறுகின்றது. குரங்காகவும் மானாகவும் யானையாகவும் பிறந்ததாகப் பிற ஜாதகங்கள் கூறுகின்றன. பிறப்பால் எவரையும் இழித்தல் ஆகாது என்பதற்கு இக்கதைகளே சான்றாக நிற்க, அவற்றையே இழிப்பதற்குக் கருவியாக்குதல் கொடுமையிற் கொடுமை.

இங்ஙனம் ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்பப் பொருள் கொண்டால், கதை அவரவர் வசதிக்கு வளைந்துவிடாதோ என்று சிலர் வினவலாம். நல்ல வினா. இதற்கு ஓர் உரைகல் உண்டு. கேட்டு முடித்தபின் நம்மை நாமே மெச்சிக்கொள்ளச் செய்த பொருள் வசதிக்கு வளைந்த பொருள்; நம் குற்றத்தை நமக்குக் காட்டிய பொருள் வளையாத பொருள். வெஸ்ஸந்தரன் கதையை நாம் முதலில் உணர்ந்தவாறு நம் பெருமையை வளர்த்தது. சிறுமி உணர்ந்தவாறு நம்மை நம் மகன் வீட்டு வாயிலுக்கு நடத்திற்று.

ஆம், சென்றோம். பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னர் அவனிடம் அப்பணத்தைப் பற்றிப் பேசினோம். அவன் நெடுநேரம் வாளாவிருந்தான். பின்னர்ச் சொன்னான்: "அந்தக் குழந்தை பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே, அப்பா. பணம் போனது வருத்தமில்லை. என்னை ஒரு சொல் கேட்டிருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். கொடுத்தேன் என்ற நிறைவாவது எனக்கு இருந்திருக்கும்."

அன்பர்காள்! தானத்தைப் பற்றி நாம் படித்த நூல்கள் பல. கேட்ட உரைகள் பல. தன் பொருளை ஈதலே தானம். பிறன் ஈகையையும் சேர்த்து ஈந்துவிடுதல் தானமாகாது என்பதை நம் மகன் வாயிலாகவே அறிந்தோம். அவன் பயிற்சியை மட்டுமன்று, அவன் செய்திருக்கக்கூடிய தானத்தையும் நாம் எடுத்துக்கொண்டோம். இழந்த ஆண்டுகளைத் திருப்பித்தர நம்மால் இயலாது. ஆயினும், அறியாது செய்த பிழையை அறிந்து ஒப்புக்கொள்ளுதல் இயலும்.

அடுத்த ஞாயிறன்று அதே கதையை மீண்டும் சொன்னோம். இம்முறை குளத்தங்கரையில் நெடுநேரம் நின்றோம். குழந்தைகள் நீரில் ஒளிந்ததையும், மடிக்கு வர மறுத்ததையும் விடாது சொன்னோம். முடித்தபின் அச்சிறுமியை நோக்கி, "சென்ற வாரம் நீ கேட்டதற்குச் சரியான விடை கூறவில்லை. கொடுத்துவிட்டுத்தான் கேட்டார், முன்னரே கேட்டிருக்க வேண்டும்" என்றோம்.

அவள் சிறிது எண்ணிப் பார்த்து, "அப்படிக் கேட்டிருந்தால் ஜாலி என்ன சொல்லியிருப்பான், ஐயா?" என்றாள்.

அவ்வினாவை அங்கிருந்த பிள்ளைகளிடமே விட்டோம். அன்று மாலை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை கூறினர். விளக்கணைக்கும் நேரம் கடந்தும் பேச்சு ஓயவில்லை.

எல்லா உயிர்களும் நலம் பெறுக.