விற்றவனுக்கு நீதி வேண்டாமா?

வாங்குவோன் எளியவன், விற்போன் வலியவன் என்று கொள்வது உலக வழக்கம். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் அக்கருத்தின்மேல் எழுந்ததே. அதன்வழி அமைந்த நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமை வாங்கியவனுக்கே உண்டு, விற்றவனுக்கு இல்லை.

ஆயினும் தோழர்களே, இணையச் சந்தையில் விற்போர் யாவரும் முதலாளிகளோ? முறுக்குச் சுட்டு விற்கும் தோட்டத்துத் தாயும் அங்கே வியாபாரியே. ஷாப்பி போன்ற சந்தைகள், சரக்குச் சேரும்வரை பணத்தைத் தம்மிடமே நிறுத்திவைக்கின்றன. அது நியாயமே. ஆனால், ‘சரக்கு வரவில்லை’ என்று ஒருவன் பொய் புகன்றால், அவளுடைய மாவும் எண்ணெயும் உழைப்பும் பாழாகும். கல்லாப் பெட்டியில் கைவைப்பவனைத் திருடன் என்கிறோம். வீட்டிலிருந்தே பொய் முறையீடு செய்பவனைச் சாமர்த்தியசாலி என்பதோ? இதுவும் திருட்டே.

இத்தகைய முறையீடு எழுந்தால், குறித்த முகவரியில் சரக்குச் சேர்ந்ததற்குச் சான்று காட்டும் விற்பனையாளரையே பேபால் நிறுவனம் காக்கிறது. யோக்கியரிடம் சான்று கேட்பது அவமதிப்பன்றோ எனச் சிலர் வினவுவர். அன்று. பால் நிறுக்கும்போது தராசைத் தொழிலாளியும் பார்ப்பது கிராணியை இகழ்வதாகுமா? தராசு இருவர்க்கும் பொது.

ஆதலின் விற்போர் அஞ்சல் ரசீதைப் பேணுக. பொருளைக் கட்டுமுன் படமெடுத்து வைக்க. வாங்குவோர் தம் சொல்லை நிறுத்துப் பேசுக. எளியவன் என்னும் பெயர் பொய்க்கு உரிமைச் சீட்டாகாது.