கறை யார் பெயரில்?

அப்பளம் பொரித்த எவர்சில்வர் வாணலியில் பழுப்புக் கறை. சூட்டில் எண்ணெய் இறுகிப் பிசின்போல் ஒட்டிவிடுகிறது, சோப்புக்கு மசியாது. சமையல் சோடா போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்தால் இளகும்; பிறகும் தேய்க்க ஆள் வேண்டும். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் தந்தார்கள்; செய்கிற ஆண்கள் 97. வாணலியில் வெட்டியிருப்பதோ சீர் கொடுத்த அப்பாவின் பெயர். கறை மட்டும் என் பெயரில்.

இதை வகுப்பில் சொன்னால் கைதட்டுவார்கள். புதுச்சேரியில் என் வீட்டில் தேய்ப்பவரோ நானல்ல, காலையில் வரும் அக்கா. சம்பளம் தருகிறேன், அதோடு கணக்குத் தீர்ந்ததா? "இதை விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"வேணாம்மா. கறை இருந்தா உங்க மாமியார் என்னையில்ல கேப்பாங்க."