அழைத்தவனே எதிராளியாகும்போது

மட்டாஞ்சேரியில், கொச்சி மன்னரின் அரண்மனையை ஒட்டி, அவர் குலதெய்வமான பழையன்னூர் பகவதியின் கோயிலுக்கு அண்டையிலேயே பரதேசி யூதர்களுக்கு இடம் கொடுக்கப்பட்டு, 1568-ஆம் ஆண்டில் அவர்களுடைய ஜெபாலயம் எழுந்தது என்பதும், நீலச் சித்திரம் தீட்டிய அதன் சீனத்து ஓடுகளின்மேல் நடப்பவர் எவராயினும் நம் கோயில் வழக்கப்படியே காலணியை வாசலில் கழற்றிவிட்டுத்தான் நடக்கிறார் என்பதும், விருந்தோம்பலைப் பற்றி யோசிப்பவனுக்குச் சாஸ்திரங்களுக்குக் குறையாத பாடங்கள். அங்கே அழைத்தவர் கொடுத்தார், வந்தவர் ஏற்றார். போட்டிக்கு இடமே இல்லை. ஆனால் ஒரு தேசம் பல தேசத்து வீரர்களை உபசாரம் சொல்லி வரவழைத்து, அவர்களைத் தோற்கடிப்பதற்கென்றே தன் பிள்ளைகளையும் களத்தில் இறக்குகிறதே, அதை எந்தக் கிருஹஸ்த தர்மத்தில் சேர்ப்பது? அதிதியைத் தெய்வமாகக் கொள்ளச் சொல்கிறது தைத்திரீய உபநிஷத்து. தெய்வத்தோடு ஓட்டப் பந்தயமா?

மலையாள நாட்டான் இந்தக் கேள்விக்கு உடனே மகாபலியை நினைப்பான். நம்மாழ்வார் பாடிய திருக்காட்கரை இந்தக் கொச்சி நகரத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. வாமனனாக வந்த விருந்தாளியிடம் சகலத்தையும் இழந்த மன்னனைத்தான் இந்நாடு ஆண்டுதோறும் பூக்களமிட்டு வரவேற்கிறது. அப்படியானால் விருந்தினரிடம் தோற்பதே அழைத்தவனுக்கு அழகு என்றாகுமா? ஆகாது என்பது என் அபிப்பிராயம். மகாபலி தோற்றதால் பெரியவனாகவில்லை. மூன்றடி என்று கேட்டவனுக்கு அளவில் ஒரு விரற்கடையும் குறைக்காமல் தன் தலையையும் சேர்த்துக் கொடுத்ததால் பெரியவனானான். ஓடுகளத்தில் ஒருவன் எதிராளிக்குக் கொடுக்கக்கூடியது தன் முழு பலம் ஒன்றுதான். அதில் மனமறிந்து ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்வது, இலையில் உட்கார்த்திய விருந்தாளிக்கு அரைவயிற்றுக்குப் பரிமாறிவிட்டுக் கைகூப்புவதைப் போன்றது.

1982-ஆம் ஆண்டு டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டில், குருவாயூர்க் கோயில் யானையான குட்டிநாராயணன் 'அப்பு' என்னும் சின்னமாகி வந்தவர்களை வரவேற்க, அதே கேரளத்திலிருந்து போன பதினெட்டு வயது பி.டி. உஷா நூறு மீட்டரில் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகாவுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தார், எம்.டி. வல்சம்மாவோ நானூறு மீட்டர் தடை ஓட்டத்தை 58.47 விநாடியில் ஓடி விருந்தினர் அனைவரையும் பின்னுக்குத் தள்ளித் தங்கம் வென்றார். ஒருவர் தோற்றார், ஒருவர் வென்றார். உபசாரத்தில் இருவரும் குறை வைக்கவில்லை.

ஆகவே அழைத்தவனின் தர்மத்தைக் களத்தில் தேடுவதே வீண். கோட்டுக்குள் நிற்பவனுக்கு ஓடுவதே ஸ்வதர்மம். அழைத்தவன் உண்மையில் இருப்பது வாசலிலும், பார்வையாளர் வரிசையிலும். டில்லியில் அந்த வரிசை ஒருமுறை தவறியது: ஹாக்கி இறுதிப் போட்டியில் பாகிஸ்தானிடம் 7–1 என்று தோற்றபோது, விருந்தினரை ஒன்றும் சொல்லாத நம்மவர், சொந்த வீட்டுப் பிள்ளையான கோல்காப்பாளர் நேகியின்மேல் விலைபோனவர் என்ற அபாண்டத்தையே சுமத்தினார்கள்.

வாசல் தவறிய கதை 1962-இல் ஜகார்த்தாவில் நடந்தது. வாமனனுக்குத் தாரை வார்க்க விடாமல் கமண்டலத்தின் மூக்கில் புகுந்து அடைத்துக்கொண்ட சுக்கிராசாரியாரைப் போல, இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் விசா கிடைக்காதபடி இந்தோனேசிய அரசு வழியை அடைத்தது. ஆசிய விளையாட்டைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவரான நம் குரு தத் சோந்தி, அழைக்க வேண்டியவரை அழைக்காத விழாவுக்கு ஆசிய விளையாட்டு என்ற பெயர் தகாது என்று வாதாட, ஆத்திரங்கொண்ட கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. அதற்கு மறுநாள் கால்பந்து இறுதிப் போட்டி. நம் தேசிய கீதமே கூச்சலில் மூழ்கிய அந்த அரங்கில், இரிஞ்ஞாலக்குடைக்காரரான ஒ. சந்திரசேகரன் தற்காப்பில் நிற்க, பி.கே. பானர்ஜியும், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் அடிக்க, தென் கொரியாவை 2–1 என்று வென்றோம். அன்று நமக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்று சொல்வார்கள். அவர்களும் அங்கே விருந்தாளிகளே.

அந்த வெற்றியை நாம் இன்றும் பெருமையோடு பேசுகிறோம், சோந்தியின் வாதத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1982 நவம்பரில், போட்டிகள் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், டில்லியிலேயே உருவெடுத்த ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலில் இஸ்ரேலுக்கு இடம் வைக்கப்படவில்லை. மட்டாஞ்சேரியின் யூதத் தெருவை விட்டுப் பலர் குடிபெயர்ந்துபோன அந்த நாட்டின் வீரர்கள் நம் ஊர் விழாவுக்கும் வரவில்லை. ஜகார்த்தாவில் எந்த நியாயத்தைக் கேட்டு அடிபட்டோமோ, அதை நம் வீட்டு வாசலில் நாமே கேட்டுக்கொள்ளவில்லை.