கொலையும் கருத்தும்

திருவாரூர்த் தேர்வீதியில் துள்ளி வந்த பசுங்கன்றொன்று அரசகுமாரன் வீதிவிடங்கனின் தேர்க்காலில் அகப்பட்டு மாண்டபோது, அவ்விளைஞன் அதைக் கொல்ல எண்ணியவனும் அல்லன், அது வருவதைக் கண்டும் தேரைச் செலுத்தியவனும் அல்லன் என்பதைச் சேக்கிழார் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியிருக்கிறார். வேத விதிப்படி பிராயச்சித்தம் செய்தால் போதுமென்று அமைச்சர்கள் எடுத்துரைத்தும், மைந்தனை இழந்த மனிதத் தாய்க்கு அளிக்கும் நியாயம் கன்றை இழந்த பசுவுக்கும் உண்டென்று கொண்டு, தன் ஒரே மகன்மீது தானே தேரைச் செலுத்திய மனுநீதிச் சோழனின் சிலை இன்று சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே நிற்கிறது. ஆனால் அந்த வளாகத்துக்குள் ஓதப்படும் சட்டம் அம்மன்னனுடைய சட்டமன்று. மாண்டது கன்றாக இல்லாமல் மனிதக் குழந்தையாகவே இருந்திருந்தாலும், வீதிவிடங்கன்மீது சுமத்தக்க குற்றம் மிஞ்சினால் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தது என்பதே. வீதியில் அவன் ஜாக்கிரதையாகவே தேரோட்டினான் என்று ஏற்பட்டால் அதுவும் நில்லாது, விடுதலைதான். சிலையை வைத்தவர்கள் இந்த முரண்பாட்டை எண்ணிப் பார்த்தார்களோ என்னவோ.

மேடவாக்கத்தில் வசிக்கிறவனுக்கு இது புராண விசாரம் மட்டுமன்று. தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் சாலையும் சோழிங்கநல்லூர்ச் சாலையும் கூடுகிற அந்தச் சந்திப்பில், 2022-இல் மேம்பாலம் திறந்த பின்னரும், தண்ணீர் லாரிகளுக்கிடையே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது. லாரிச் சக்கரத்தில் சிக்கிய ஒருவன், மதுக்கடை வாசலில் வாய்ச்சண்டை முற்றிப் பிடித்துத் தள்ளப்பட்டுச் சாலையோரக் கல்லில் மண்டை மோதிய ஒருவன், மனைத்தகராறில் வயிற்றில் கத்தி பாய்ந்த ஒருவன் என மூவர் ஒரே இரவில் இறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசு மருத்துவமனைப் பிணவறையில் மூவரும் சமமே. மூன்று வீடுகளிலும் எழும் அழுகையும் ஒன்றே. விளைவு ஒன்றாயிருக்க, முதற் குற்றவாளிக்கு மிஞ்சினால் ஐந்தாண்டுச் சிறை, மூன்றாமவனுக்கு ஆயுளோ தூக்கோ, இடையிலுள்ளவனுக்கு அவன் மனத்தில் அந்தக் கணத்தில் இருந்தது என்ன என்பதைப் பொறுத்த ஏதோ ஒன்று என்று சட்டம் பிரித்து நிறுத்துகிறதே, அதன் தார்மிக ஆதாரம் என்ன?

கேள்வி பழையது. மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றனுள் பாவத்துக்குப் பெருங்காரணம் எது என்ற விவாதத்தில், சமணரின் குருவான நிகண்ட நாதபுத்தர் உடலின் செய்கையே என்று கொள்ள, புத்தர் மனத்தின் செய்கையே என்று மறுத்ததாகப் பாலி மொழியின் உபாலி சூத்திரம் சொல்கிறது. துணிக்கடியில் குழந்தை கிடந்த ஆசனத்தில் அறியாமல் அமர்ந்து அதன் சாவுக்குக் காரணமான பிக்குவைக் கொலைப் பாதகத்திலிருந்து நீக்கிய விநய மரபு, ஆராயாமல் ஆசனத்தில் அமரலாகாது என்று கூடவே ஒரு விதியையும் செய்துவைத்தது. கருத்தில்லாக் கொலைக்கும் அஜாக்கிரதைக் குற்றத்துக்கும் உள்ள பேதத்தை இதைவிடத் தெளிவாக ஒரு சட்டசபையும் வகுத்ததில்லை. சமணர் விடவில்லை: குழந்தையைச் சுரைக்காய் என்றெண்ணிச் சுட்டவனுக்குப் பாவமில்லையோ என்று அவர்களுடைய சூத்திரகிருதாங்கம் ஏளனம் செய்தது. கொன்றவன் வேறு, தின்றவன் வேறு என்று பௌத்தர் புலாலுக்குச் சமாதானம் சொல்லப் புகுந்தபோது தமிழில் நீலகேசி தொடுத்த வழக்கும் இதே வம்சத்தைச் சேர்ந்ததுதான். வெறும் சங்கல்பத்தை மட்டும் எடைபோட்டால் மனிதன் தன் கண்ணை மூடிக்கொள்வதையே ஒரு புண்ணியமாக்கிவிடுவான் என்பது சமணர் கவலை. வெறும் கிரியையை மட்டும் எடைபோட்டால் தர்மம் இயந்திரமாகிவிடும் என்பது பௌத்தர் கவலை. இரண்டும் மெய்யானவை.

1837-இல் மெக்காலே வரைந்து, 1860-இல் சட்டமாகி, 1862 முதல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் இவ்விரண்டு கவலைகளுக்கும் இடையே தடுமாறி நடந்தது என்றே சொல்ல வேண்டும். மரணம் விளைவிக்கும் குற்றத்தை 299-ஆம் பிரிவிலும், அதன் உச்சமாகிய கொலையை 300-ஆம் பிரிவிலும் அது வரையறுத்தது. இவ்விரண்டு வரையறைகளே அச்சட்டத்தின் மிகப் பலவீனமான பகுதி என்று ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் போன்ற நிபுணரே குறைப்பட்டுக்கொண்டார். கொல்லும் கருத்து இருந்தால் கொலை என்பதில் சிரமமில்லை. சிரமமெல்லாம் மூன்றாவது உட்பிரிவில் இருக்கிறது: ஒருவன் ஒரு காயத்தை உண்டாக்கக் கருதி, அக்காயம் இயற்கையின் சாதாரணப் போக்கில் மரணத்தை விளைவிக்கப் போதுமானதாயிருந்தால், அதுவும் கொலையே. இதிலே முற்பாதி மனத்தைச் சேர்ந்தது. பிற்பாதி உடலைச் சேர்ந்தது.

இந்தப் பாதிகளின் எல்லையை 1958-இல் விர்சா சிங் வழக்கில் உச்சநீதிமன்ற நீதிபதி விவியன் போஸ் வகுத்துக்கொடுத்தார். பஞ்சாபில் ஓர் இளைஞன் ஒரே ஒரு முறை ஈட்டியால் குத்தினான், குத்துண்டவன் வயிற்றிலிருந்து குடல் சரிந்தது, மறுநாள் இறந்தான். கொல்லக் கருதினான் என்பதற்குச் சாட்சியமில்லை என்ற வாதத்துக்கு நீதிபதி அளித்த விடையின் சாரம் இது: காயம் உண்டா, அதன் தன்மை என்ன, தற்செயலாக நேராமல் அந்தக் காயத்தையே உண்டாக்கக் கருதினானா என்று பாருங்கள், அதற்குமேல், அது மரணத்துக்குப் போதுமானதா என்பதை மருத்துவர் சொல்லட்டும், அதற்கும் குற்றவாளியின் கருத்துக்கும் சம்பந்தமில்லை. ஈட்டியை அங்கே செருகத்தான் நினைத்தான் என்பது போதும். செருகினால் சாவான் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இதைக் கொடுமை என்று சொல்லும் வக்கீல்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சித்திரகுப்தனுக்கு உள்ளம் திறந்த ஏடாயிருக்கலாம். செங்கற்பட்டு செஷன்ஸ் நீதிபதியின் முன்னால் இருப்பது பிரேத பரிசோதனை அறிக்கையும், அதில் அளந்து எழுதப்பட்ட ஆழமும் அகலமும், எந்த உறுப்பு, எந்த ஆயுதம், எத்தனை அடி என்பனவுமே. புறத்தில் எழுதப்பட்டதைக் கொண்டு அகத்தைப் படிப்பதல்லாமல் மனித நியாயஸ்தலத்துக்கு வேறு வழியில்லை. குத்தத் துணிந்தவன் குத்தின் பலனுக்கும் பிணைப்பட்டவன் என்பது சமணரின் நியாயம். குத்த வேண்டுமென்ற துணிவையேனும் முதலில் நிரூபி என்பது பௌத்தரின் நியாயம். மூன்றாவது உட்பிரிவு இரண்டுக்கும் செவிசாய்க்கிறது. ஆனால் அது எடுத்துரைப்பது குற்றத்தை. பாவத்தை அளக்கும் கோல் அதனிடம் இல்லை.

அந்த இடைவெளி எவ்வளவு அகலமானது என்பதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 1919-இல் தீர்த்த பழனி கவுண்டன் வழக்கை நினைத்துக்கொள்ளலாம். ஒருவன் கலப்பைக் கொழுவால் மனைவியின் தலையில் அடித்தான், அவள் நினைவிழந்தாள், இறந்தாளென்று நம்பி, தானே தூக்கிட்டுக்கொண்டாள் என்று ஊரை நம்பவைக்க அவளைக் கயிற்றில் தொங்கவிட்டான், அந்தக் கயிறுதான் அவள் உயிரைப் போக்கியது. அடித்தபோது கொல்லும் கருத்தில்லை. கொன்றபோது அவன் கருத்தில் இருந்தது பிணமே. எனவே கொலையுமில்லை, மரணம் விளைவித்த குற்றமுமில்லை என்று மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு கூறியது. அடித்ததற்காக மட்டும் கொடுங்காயக் குற்றம் நின்றது. தர்க்கத்தில் ஓட்டையில்லை, படிக்கிறவன் மனமோ ஆறுவதில்லை. சுமார் கால் நூற்றாண்டுக்குப் பின், 1943-இல், நகைக்காக ஒரு பெண்ணைக் கொல்லக் கருதித் தாக்கி, மாண்டாளென்று நினைத்துக் கிணற்றில் எறிந்த தவமணி வழக்கில், முதல் அடியிலேயே கொல்லும் கருத்து இருந்தமையால் அடியும் கிணறும் ஒரே செயலின் இரு அங்கங்களே என்று அதே நீதிமன்றம் கொலைத்தீர்ப்பு அளித்தது. இரண்டு தீர்ப்புகளையும் பிரிப்பது அந்த முதற் கணத்துச் சித்தம் ஒன்றுதான்.

கருத்து ஒரு கணத்தில் பிறப்பதென்று சட்டம் பெரும்பாலும் எண்ணுகிறது. ஆண்டுக்கணக்கில் ஊறுவதும் உண்டு. குழந்தைகளோடு கிணற்றில் குதித்து, அவர்களை இழந்து, தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் மேல்முறையீடு 1989-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி தாவீது அன்னுசாமியின் முன் வந்தது. நீர் நிறைந்த கிணற்றில் குழந்தைகளை இறக்கியவளுக்கு மரணக் கருத்து இல்லையென்று எவர் சொல்ல முடியும்? காயத்தை மட்டும் படிப்பவன் கொலை என்றே படிப்பான். பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்து மாண்ட கதை நாயகி நல்லதங்காளை நீதிபதி நினைவுகூர்ந்தார். திடீர்க் கோபத்துக்குச் சட்டம் தரும் விலக்கு, நெடுங்காலம் தொடர்ந்து மனத்தை அரித்த கொடுமைக்கும் தத்துவத்தில் பொருந்தும் என்று கண்டு, அதைக் கொலையாகாத மரணக் குற்றமாகக் குறைத்தார். சட்டம் எழுதியவர்கள் லண்டனிலும் கல்கத்தாவிலும் எண்ணிப்பாராத ஒன்றை நம் நாட்டுக் கதை அவருக்குக் கற்பித்தது. விவியன் போஸின் தீர்ப்பைக் காட்டிலும் நான் இதையே பெரிதென மதிப்பேன். காயத்திலிருந்து மனத்துக்குப் போகும் வழி ஒன்றே அன்று என்பதை அது காட்டியது.

2024 ஜூலை முதல் தேதியிலிருந்து 299-ஆம் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 100 ஆகவும், 300-ஆம் பிரிவு 101 ஆகவும் மாறியிருக்கின்றன. கொலையாகாத மரணக் குற்றத்தில் கருத்து நிரூபணமானால் ஆயுளுக்குக் கீழே ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை என்று 105-ஆம் பிரிவு புதிதாகச் சேர்த்திருக்கிறது; அஜாக்கிரதைக்குரிய உச்ச தண்டனை இரண்டிலிருந்து ஐந்தாண்டாக ஏறியிருக்கிறது. மூன்றாவது உட்பிரிவின் வாசகம் சாரத்தில் மாறவில்லை. தொடர்ந்து அரித்த கொடுமைக்கென ஒரு விலக்கு இந்தப் புதிய சட்டத்திலும் எழுதப்படவில்லை.