ஒலிக்காத மணி

செஞ்சிக் கோட்டையை அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த மாணவி ஒருவர் ஓராண்டுக்கு முன் நம் குருமனைக்கு வந்தார். உளவியல் முதுகலைக்காகத் தற்கொலைத் தடுப்பைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். துயருற்ற வீட்டில் முதலில் குறிப்பேட்டை மூடி வைக்க வேண்டும் என்பது பேராசிரியை அவருக்குக் கற்பித்த முதற்பாடம். ‘சாகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று ஒருவரிடம் நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது, பேசத்தான் வழி திறக்கும் என்பது இரண்டாவது. இவ்விரண்டும் நமக்குக் குருமடத்தில் கிடைத்ததில்லை.

“சாமி, இப்படி இறந்தவர்களை நீங்கள் எப்படி அடக்கம் செய்தீர்கள்?” என்று கேட்டார்.

நாம் இளங்குருவாயிருந்த ஊரில், வீட்டுச் சண்டைக்குப்பின் ஓர் இளைஞன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். மணி அடிக்கக்கூடாது, கல்லறைத் தோட்டத்தின் சுவரோரமே போதும் என்றனர் பெரியவர்கள். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இத்தகையோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது உண்மை. ஆனால் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை நீக்கிவிட்டது. கடும் மனவேதனையும் அச்சமும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கக்கூடும், அவரது மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்று 1992-இல் வெளியான மறைக்கல்வி நூலும் கூறுகிறது. இவற்றையெல்லாம் படித்துத் தேறிய நாம், ‘ஊர் வழக்கம்’ என்ற ஒரு சொல்லுக்கு வாய்மூடி நின்றோம்.

சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டுமென்று மறைக்கல்வி வகுப்புச் சிறுவனும் சொல்வான். மாணவி சந்தித்த, உயிர் பிழைத்த பலரோ, சண்டைக்கும் செயலுக்கும் இடையே சில நிமிடங்களே இருந்தன என்றனராம். அச்சில நிமிட இருளில் முழுச் சம்மதம் எங்கே? அந்நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இருந்தது. நம் உழவர்கள் அதற்கு இட்டிருக்கும் பெயர் ‘மருந்து’!

சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சினேகா’, பின்னர்க் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரு சிற்றூர்களைத் தேர்ந்து, பூச்சிக்கொல்லிகளை வீட்டில் வைக்காமல் பொதுக்கிடங்கில் பூட்டிய பெட்டிகளில் வைக்கச் செய்தது. இலங்கையில் 1990-களின் நடுவில் தற்கொலை நூறாயிரம் பேருக்கு 47 என்ற அளவை எட்டியிருந்தது; கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தபின், 2005-க்குள் ஏறத்தாழப் பாதியாயிற்று. அங்கே வறுமையும் குடும்பச் சண்டையும் ஒழிந்துவிடவில்லை. இருள் விலகும் வரை நஞ்சு எட்டாதிருந்தது, அவ்வளவே. வேலியைப் பூட்டுவதால் மனம் மாறுமா என்று மறையுரை மேடையிலிருந்து ஏளனம் செய்தவர்களில் நாமும் ஒருவர். மனம் மாறுவதற்கு மனிதன் முதலில் உயிரோடிருக்க வேண்டும் என்பது நமக்குத் தோன்றவில்லை.

இன்று நம் ஆலய அறிவிப்புப் பலகையில் திருப்பலி நேரங்களுக்குக் கீழே 14416 என்ற எண் உள்ளது. மனநல ஆலோசனைக்காக 2022-இல் அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ எண் அது. எழுதியவர் அம்மாணவியே.

சென்ற நவம்பர் 2-ஆம் நாள், இறந்தோர் நினைவு நாளில், அந்தப் பழைய ஊருக்குச் சென்றோம். சுவரோரக் கல்லறையருகே இளைஞனின் தாய் மெழுகுதிரியோடு நின்றிருந்தார். அன்று செய்த பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். “இப்போதாவது மணி அடிக்கச் சொல்லட்டுமா, அம்மா?” என்றோம்.

“வேணாம் சாமி. யாருக்குன்னு ஊரே கேக்கும். நான் மறுபடியும் முதல்லேருந்து சொல்லணும். அவன் பேரை மட்டும் சத்தமா சொல்லி மந்திரிங்க.”

அப்படியே செய்தோம்.