ஒப்புவித்தலும் அறிதலும்

பூமி சூரியனைச் சுற்றி வருகிறது என்று ஏழாந் தரத்து மாணவன் ஒப்புவிக்கிறான். பரீட்சையிற் புள்ளியும் பெறுகிறான். அஃது உனக்கு எவ்வாறு தெரியும் என்று கேட்டால், புத்தகத்தில் இருக்கிறது, ஆசிரியர் சொன்னார் என்பான். இராகு விழுங்குவதாலேயே கிரகணம் உண்டாகிறது என்று நம்பிய அவனுடைய பாட்டனாரைக் கேட்டிருந்தாலும், ஏட்டில் இருக்கிறது, பெரியோர் சொன்னார்கள் என்றே விடை வந்திருக்கும். பேரன் சொல்வது உண்மை. பாட்டனார் சொன்னது பொய். ஆயினும் இருவரும் அதனைப் பெற்றுக்கொண்ட முறை ஒன்றே. உண்மையேயாயினும் அதனை வெறும் நம்பிக்கையாகப் பிள்ளைகளிடம் திணிப்பது நியாயமா?

உண்மையைத்தானே கற்பிக்கிறோம், இதில் என்ன குற்றம் என்று சிலர் வினவலாம். குற்றம் உண்டு. ஆராயாது உண்மையை ஏற்கப் பழகிய மனம், நாளை ஆராயாது பொய்யையும் ஏற்கும். இனத்தின் பெயராலும் சாதியின் பெயராலும் மேடைகளிற் சொல்லப்படும் பொய்களுக்கும் தலையாட்டும்.

பூமி அசைகிறதென்றால் அது நமக்கு ஏன் தெரியவில்லை எனக் கேட்கும் பிள்ளையை அதட்டி அமர்த்துவது எளிது. ஆனால் மேதைகளும் அப்பிள்ளையைப் போல ஐயுற்றிருக்கிறார்கள். கோப்பர்நிக்கஸின் நூல் 1543இல் வெளிவந்தது. பூமி சுற்றுவது மெய்யாயின், ஆண்டின் வெவ்வேறு காலங்களில் நட்சத்திரங்கள் சற்றே இடம்பெயர்ந்து தோன்ற வேண்டுமே என்று அந்நூற்றாண்டிலேயே தைக்கோ பிராகே தடை எழுப்பினார். நட்சத்திரங்கள் மிகத் தொலைவில் இருந்தமையால் அவர் காலத்துக் கருவிகளுக்கு அப்பெயர்ச்சி எட்டவில்லை. 1838இலேதான் பெசல் என்னும் ஜெர்மானிய வானியலாளர் அதனை அளந்து வெளியிட்டார். அந்த ஐயம் விஞ்ஞானத்தை வளர்த்தது. ஐயத்தின் வாயை மூடும் அதிகாரமோ 1633இல் கலிலியோவை மண்டியிடச் செய்தது.

எல்லாவற்றையும் பிள்ளை தானே சோதிக்க முடியுமா? 1961 ஏப்ரல் 12இல் யூரி ககாரின் 108 நிமிடங்களில் விண்வெளிப் பயணத்தை முடித்துத் திரும்பியதை நாம் உடன் சென்று கண்டோமா? இல்லை. பிறர் சொல்லை நம்பாமற் கல்வி நடைபெறாது. எனினும், 'வந்து சோதித்துப் பார்' என்று அழைக்கும் சொல்லும், 'சோதியாதே' என்று தடுக்கும் சொல்லும் ஒன்றாகா. அவ்வேறுபாட்டை உணர வேண்டுமாயின், பிள்ளை ஒருமுறையேனும் தன் கையால் ஒன்றை அளந்திருக்க வேண்டும்.

அதற்குத் தொலைநோக்கி வேண்டியதில்லை. ஒரு கோலும் வெயிலும் போதும். ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்திலே எரத்தோஸ்தனிஸ் என்னும் அறிஞர் நிழலைக் கொண்டே பூமியின் சுற்றளவைக் கணித்தார். எமது தீவும் அதற்கு வாய்ப்பாகவே கிடக்கிறது. வடக்கே பருத்தித்துறையும் தெற்கே தேவேந்திரமுனையும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் உள்ளன. இடைத்தூரம் நேர்கோட்டிற் சுமார் 435 கிலோமீற்றர். தை மாதத்து நண்பகல் ஒன்றில் இரு முனைகளிலும் சம உயரமான கோல்களைச் செங்குத்தாக நிறுத்தினால், வடக்கின் நிழல் சற்று நீண்டிருக்கும். நிழல்கள் காட்டும் சூரியக் கோணங்கள் சுமார் 4 பாகை வேறுபடும். முழுவட்டத்தின் 360 பாகையில் அது தொண்ணூறில் ஒரு பங்கு. 435ஐ 90ஆற் பெருக்கினால் 39,150 கிலோமீற்றர். பூமியின் சுற்றளவோ ஏறக்குறைய 40,000.

இக்கணக்கு ஒரு கோலால் ஆகாது. வடக்கின் பிள்ளைக்குத் தெற்கின் பிள்ளை அளந்த எண் வேண்டும். தெற்கிற்கு வடக்கின் எண் வேண்டும். இருவரும் தத்தம் எண்ணைத் திரிக்காது சொல்ல வேண்டும். ஒருவர் அளவையை மற்றவர் மீள அளந்து பார்க்கவும் இடமிருக்க வேண்டும். 1983 முதல் 2009 வரை போர் பிளந்து வைத்த இத்தீவிலே, இதனிலும் சிறந்த வானியற் பாடம் வேறெது?

ஆசிரிய நண்பர்களே, அடுத்த தையிற் பாடசாலை முற்றத்தில் ஒரு கோலை நடுங்கள். தெற்கிலுள்ள ஒரு பாடசாலைக்கு, அதே நாளில் அங்கும் ஒரு கோலை நடும்படி கடிதம் எழுதுங்கள்.