கிழநாயின் வலியும் 'போல' என்ற சொல்லும்

'வயசாயிடுச்சு' என்பதைப் போலச் சௌகரியமான சொல் நம்மிடம் குறைவு. பத்து வயது நாய் மாடிப்படியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கிறது. படுத்து எழுந்தால் முதல் நாலைந்து அடிகள் மரக்கட்டையாக விழுகின்றன, பிறகு சரியாகிவிடுகிறது. பின்னங்கால்கள் மெலிந்து, உடம்பின் பாரம் முன்னங்கால்களுக்கு வந்திருக்கிறது. ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்குகிறது. இடுப்பில் கை வைத்தால், இத்தனை வருஷம் வைக்க விட்டது, உறுமுகிறது. இவ்வளவையும் அந்த ஒரு சொல் மூடிவிடுகிறது. வயது வியாதி அல்ல. மூட்டுத் தேய்மானம் வியாதி. மூட்டின் குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. வலி அதற்கடியிலுள்ள எலும்பிலும், மூட்டைச் சூழ்ந்த சவ்விலும்தான் எழுகிறது. நமக்குத் தெரியவரும்போது தேய்மானம் பெரும்பாலும் வெகுதூரம் போயிருக்கும். இந்த மாதிரி நாட்பட்ட வலிக்கு நாய் அழுவது அபூர்வம். அழுகையை எதிர்பார்த்துக் காத்திருப்பவனுக்கு அது தெரியவே போவதில்லை.

இதைக் கால்நடை வைத்தியரின் பிரச்னை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் எழுதுகிறவர்கள் எளிதில் தப்பித்துக்கொள்ள முடியாத ஒரு கேள்வி இதற்குள் இருக்கிறது. இன்னொன்றின் வலி எனக்கு எப்படித் தெரிகிறது? சொல் இல்லாதபோதும் தெரிகிறதா? தெரிந்ததாக நான் நினைத்துக்கொள்வது அதன் வலியா, என்னுடையதா?

2

மிருகத்தை இயந்திரமாகப் பார்த்தவர் என்று டேகார்ட்டின் மீது ஒரு பழி உண்டு. 1637இல் வெளிவந்த அவருடைய நூலில் அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் 1649இல் ஹென்றி மோருக்கு எழுதிய கடிதத்தில், மிருகங்களுக்கு உயிரையோ, உடலுறுப்பைச் சார்ந்த புலனுணர்வையோ தான் மறுக்கவில்லை, சிந்தனையைத்தான் மறுப்பதாகச் சொல்கிறார். சிந்தனை இல்லை என்பதற்கு அவர் காட்டும் முக்கியச் சான்று, பேச்சு இல்லை என்பதே. 1789இல் பெந்தம் இந்த அளவுகோலையே தூக்கிப் போட்டார். பேச்சும் அறிவும் இருக்கட்டும், துன்பப்படும் திறன் இருக்கிறதா என்று மட்டும் பார் என்றார். சொல்வதற்கு எளிது. பேச்சை விட்டுவிட்டால் துன்பத்தை எதைக்கொண்டு அறிவது என்பது அப்படியே நின்றது.

வலியைப் பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கம் 1979இல் கொடுத்த வரையறையில் வலி என்பது திசுச் சேதத்தோடு தொடர்புடைய, அல்லது அச்சேதத்தின் வாசகத்தில் விவரிக்கப்படும் அனுபவம். விவரிக்கத் தெரியாத குழந்தை, நினைவிழந்த நோயாளி, நாய் ஆகியோர் இதில் எங்கே நிற்கிறார்கள் என்று பலர் கேட்டார்கள். 2020இல் வரையறை திருத்தப்பட்டது. 'விவரிக்கப்படும்' போய்விட்டது, அந்த இடத்தில் 'போன்ற' வந்தது. சொல்ல முடியாமை வலியின்மைக்கு அத்தாட்சியாகாது, இது மனிதரல்லாத பிராணிக்கும் பொருந்தும், என்று ஒரு குறிப்பும் சேர்க்கப்பட்டது. இந்தச் சிறு திருத்தத்துக்கு 41 வருஷங்கள் ஆயின.

'போன்ற' அங்கே வேறு காரியத்துக்காக வந்த சொல்தான். ஆனாலும் அது நம்மை ஒரு பழைய இடத்தில் கொண்டுவந்து விடுகிறது.

3

இன்னா செய்யாமை அதிகாரத்தில், இன்னொன்றின் நோயைத் தன் நோய் போலப் போற்றாவிட்டால் அறிவினால் என்ன பயன் என்று வள்ளுவர் கேட்கிறார். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அவர் 'பிறரின்' என்று சொல்லவில்லை. 'பிறிதின்' என்று அஃறிணையில் சொல்கிறார். அடுத்தது, 'உணர்' என்று சொல்லாமல் 'போற்று' என்கிறார். போற்றுதல் என்றால் பேணுதல், காத்தல். பிறிதின் நோயை நானும் அனுபவிக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை. என் நோய்க்கு நான் என்னென்ன செய்துகொள்வேனோ அதைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். 'போல' என்பது உணர்ச்சியைத் தழுவி வரவில்லை. செயலைத் தழுவி வருகிறது. நாம் அதை உணர்ச்சிக்கு மாற்றிக்கொண்டோம். மாற்றியதில் நமக்கு லாபம் உண்டு. உணர்வதற்குச் செலவில்லை.

உணர்ச்சியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் மூட்டுத் தேய்மானத்தால் நொண்டும் 58 நாய்களைப் பார்த்தார்கள். அவற்றுக்குக் கொடுக்கப்பட்டது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. ஒவ்வொரு காலும் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதைத் தரையில் பதித்த தகடு அளந்தது. தகடு முன்னேற்றம் எதையும் காட்டாத பல நாய்களை, வளர்த்தவர்கள் தேறிவிட்டதாகச் சொன்னார்கள், வைத்தியர்களும் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. அன்பு அப்படிப் பார்க்கவைத்தது. மாத்திரை நாயின் வாய்க்குள் போனது. குணம் வளர்த்தவன் மனதில் நடந்தது. நாய் முன்போலவே நொண்டிக்கொண்டிருந்தது.

நாயால் ஏன் வலியைப் பாசாங்கு செய்ய முடியாது, அது அவ்வளவு நேர்மையானதா என்று விட்கன்ஸ்டைன் ஓரிடத்தில் கேட்கிறார். பாசாங்கு செய்யச் சுற்றிலும் ஒரு பெரிய வாழ்க்கை முறை தேவைப்படுகிறது என்பதற்காகக் கேட்ட கேள்வி அது. இங்கே அதைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. பாசாங்கு தெரியாத ஒன்றின் முன்னால் நிற்கும்போது பாசாங்கு முழுவதும் நம் பக்கத்திலேயே நடந்துவிடுகிறது.

4

போற்றுதல் என்பது ஸ்தூலமாக என்ன? பார்க்கப் போனால் மிகச் சாதாரணமான காரியங்கள். வழுக்கும் தரையில் சாக்கோ பாயோ விரிப்பது. நீண்ட நடையை விட்டுவிட்டுத் தினமும் சிறிது சிறிதாக நடத்துவது. படிக்குப் பதில் சரிவுப் பலகை. எத்தனை தடவை தானாக எழுந்தது, எங்கே தயங்கியது என்று தேதி போட்டு எழுதி வைப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, எடையைக் குறைப்பது. 48 லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான உணவு கொடுத்து ஆயுள் முழுவதும் கவனித்த ஆய்வு 2002இல் வெளியாயிற்று. நிறையத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 வருஷம், குறைவாகத் தின்றவற்றுக்கு 13. மூட்டு வலிக்குச் சிகிச்சை தேவைப்பட்ட வயது 10.3இலிருந்து 13.3க்குத் தள்ளிப்போனது.

தட்டில் இன்னொரு பிடி வைப்பதைத்தான் நாம் அன்பு என்று அறிந்திருக்கிறோம். நாயும் அப்படித்தான் அறிந்திருக்கிறது. இங்கே அதன் விருப்பத்துக்கு விரோதமாக, அது சம்மதிக்கவோ மறுக்கவோ முடியாத ஒரு கணக்கை நாம் அதன் பேரில் போடுகிறோம். இந்த அதிகாரத்தை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் அதைக் கணக்கோடு பிரயோகிக்க முடியும்.

'போல' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது மருந்து விஷயத்தில் தெரிகிறது. என் முழங்கால் வலிக்கு இப்யூப்ரோஃபென் கேட்கிறது. அதன் வலியும் என் வலி போலத்தான். ஆகவே பாதி மாத்திரை. அந்த மாத்திரை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அமெரிக்காவில் 1996இல் நாய்க்கென்று அனுமதி பெற்ற கார்ப்ரோஃபெனைக்கூட ரத்தப் பரிசோதனையோடுதான் தொடர்ந்து கொடுக்கிறார்கள். வலி ஒன்றாக இருக்கலாம், ஈரல் ஒன்றல்ல.

கருணை ஒரு பிராணியோடு நின்றுவிடுவதுமில்லை. இந்தியாவில் கிழ மாடுகளின் வலிக்கு டைக்ளோஃபெனக் போட்டார்கள். அந்த மாடுகள் செத்ததும் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு விழுந்தன. காரணம் 2004இல்தான் நிரூபணமாயிற்று. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்படுவதற்குள் வெண்முதுகுக் கழுகுகள் கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டன. மாட்டுக்கு ஊசி போட்டவன் கொடியவன் அல்ல. அவன் பார்த்தது ஒரு மாட்டின் வலியை, அது உண்மை. அவனுடைய கருணை போய்ச் சேர்ந்த இடம் அவன் கண்ணுக்கு எட்டவில்லை.

5

இலக்கியம் நாயை நாயாக இருக்க விட்டது குறைவு. தருமனோடு கடைசிவரை நடந்த நாய் சொர்க்க வாசலில் தர்மதேவதையாகிவிடுகிறது. இவ்வளவு மலை ஏறியதற்கு அதன் கால் வலித்ததா என்று பிறகு கேட்க இடமில்லை. ஹோமர் பரவாயில்லை. இருபது வருஷம் கழித்து ஒடிஸ்யூஸ் திரும்பும்போது சாணக்குவியலில் கிடக்கும் ஆர்கோஸ் அவனை அடையாளம் கண்டு வாலை ஆட்டுகிறது, காதைத் தாழ்த்துகிறது. அவனிடம் வர முடியவில்லை. விசுவாசத்துக்கு உதாரணம் என்று இதைக் காலங்காலமாகப் படித்தாயிற்று. 'வர முடியவில்லை' என்பது அங்கேயே இருக்கிறது. நம் புதுக்கவிதையிலும் நாய் வந்தால் பெரும்பாலும் கவிஞனின் தனிமைக்கு உருவகமாக வருகிறது. உருவகத்துக்கு இடுப்பு மூட்டு கிடையாது.

கடைசியில் ஒரு நாள் முடிவு செய்ய வேண்டி வருகிறது. மருந்தும் கேட்காமல், எழுந்து மலஜலம் கழிக்க முடியாமல் ஆகும்போது வைத்தியர் ஊசியைப் பற்றிப் பேசுவார். 'பார்க்க முடியவில்லை' என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வாக்கியத்தின் எழுவாய் யார்? பார்க்க முடியாதது நம் துன்பம். அதற்காக ஒரு உயிரை முடித்துவிட முடியாது. 'மனசு வரவில்லை' என்று நாள் கடத்துவதிலும் எழுவாய் நாம்தான். அதற்காக ஒரு உயிரை வலியில் வைத்திருக்கவும் முடியாது. இரண்டிலிருந்தும் விலகி நிற்கக் கைவசம் இருப்பது தேதி போட்ட அந்த நோட்டுப் புத்தகம் ஒன்றுதான்: இந்த வாரம் எத்தனை நாள் தானாக எழுந்தது, எத்தனை நாள் சாப்பிட்டது, எத்தனை நாள் வாசல்வரை வந்தது. அதில் பதில் இருக்காது. ஆனால் அதன் ஒவ்வொரு வரியிலும் எழுவாய் நாய்.